மெய்நிகர் இயந்திரங்களும் வலையமைப்புப் பழுதாய்வும்

தோட்ட அலுவலகத்துக்கு வந்த கடிதம் லயத்துக் காம்பிராவில் வாழும் உரியவர் கையைச் சேராதொழியும் துன்பத்தை நம் மலையகம் நன்கறியும். ஒரு நிறுவனம் தனக்கென அமைத்துக்கொள்ளும் மேகக் கணிமையிலும் இத்தகைய இடர் நேர்வதுண்டு.

பல மெய்நிகர் இயந்திரங்களைத் தன்னுள் இயக்கும் கணினியைத் தாங்கி என்போம். 2007ஆம் ஆண்டு லினக்ஸ் கருவில் இடம்பெற்ற கேவிஎம் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. வலையட்டையையும் மெய்நிகர் இயந்திரங்களையும் இணைப்பது மென்பொருளாலாகிய பாலம்.

பழுது கண்டவிடத்துக் கீழிருந்து மேலாக ஆராய்தல் வேண்டும். முதலாவது, வடமும் அட்டையும் இயங்குகின்றனவா? இரண்டாவது, தாங்கியின் ஐபி முகவரி அட்டையில் அன்றிப் பாலத்தில் உள்ளதா? மூன்றாவது, பாலத்திலும் வலையமைப்பு ஆளியிலும் வீலான் எண் ஒன்றேயா? நான்காவது, பொதியின் அளவு பொருந்துகின்றதா?

நான்காவதே பலரை மயக்குவது. ஈதர்நெற் வழக்கமாக ஏற்கும் பொதி 1500 பைட். வீஎக்ஸ்லான் உறை மேலும் 50 பைட் சேர்க்கும். ஆதலால் சிறிய பிங் பொதி செல்லும்; பெரிய கோப்போ இடைவழியில் நின்றுவிடும். இயந்திரத்தின் அளவை 1450 ஆகக் குறைத்தலோ, வெளிவலையின் அளவை 1550 ஆக உயர்த்தலோ பரிகாரமாகும்.

கொழும்பிலிருந்து ஹற்றனிலுள்ள தாங்கியைத் திருத்துவோர்க்கு ஓர் எச்சரிக்கை. முகவரியைப் பாலத்துக்கு மாற்றுகையில் தவறினால் தொடர்பே அறும். பின்னர் ஒருவர் மலையேறியே சீர்செய்ய வேண்டும். எனவே சில நிமிடங்களில் பழைய அமைப்புத் தானே மீள முன்னேற்பாடு செய்க.

மாணவர்களே, சிறுபொதி சென்றதெனக் களித்திராதீர்; பெரும்பொதியும் உரிய இயந்திரத்தை அடைந்த பின்னரே பணி முற்றுப்பெறும்.