வாரம் ஒரு நாள் மாத்திரை

முழங்கை, முழங்கால், முதுகு, தலை. இந்த இடங்களில் சிவந்த திட்டுகள் வரும். மேலே வெள்ளையாகச் செதில் உதிரும். இது சொரியாசிஸ். காளாஞ்சகப்படை என்றும் சொல்வார்கள்.

இது தொற்று நோய் அல்ல. தொழுநோயும் அல்ல. தொட்டால் ஒட்டாது. கூட உட்கார்ந்து சாப்பிடலாம்.

நம் உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. அது கிருமிகளோடு போராடும். இந்த நோயில் அது நம் தோலையே தாக்குகிறது. புதுத் தோல் வளர்ந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆக வேண்டும். இங்கே சில நாளிலேயே உதிர்கிறது.

களிம்பு போதாவிட்டால் டாக்டர் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தருவார். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து இது. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். சென்னையில் மருத்துவம் படித்தவர். அவர் அமெரிக்காவில் தலைமை வகித்த ஆய்வுக் குழு உருவாக்கிய மருந்து இது.

நல்ல மருந்துதான். ஆனால் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் வாய் புண்ணாகும். ரத்த அணுக்கள் குறையும். உயிரே போகலாம்.

ஒரு கொத்தனார் மாத்திரை வாங்கி வந்தார். முதல் நாள் போட்டார். மறுநாளும் அட்டையை எடுத்தார். மனைவி உறையை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"என்னங்க, வாரம் ஒரு தடவைன்னு எழுதியிருக்கே. நேத்துத்தானே போட்டீங்க?"

"தினம் போட்டா சீக்கிரம் ஆறுமே!"

மனைவி விடவில்லை. அட்டையை வாங்கி வைத்துவிட்டு, மறுநாள் அவரோடு மருத்துவமனைக்குப் போனார்.

"பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும். அவசரப்படக் கூடாது. தடுத்தது நல்லதாப் போச்சும்மா" என்றார் டாக்டர். உறையில் 'வியாழன்' என்று பெரிதாக எழுதினார். கிழமையை முழுதாகத்தான் எழுத வேண்டும். 'வி', 'வெ' என்று சுருக்கினால் வியாழனும் வெள்ளியும் குழம்பிவிடும்.

ஃபோலிக் அமில மாத்திரையும் தருவார்கள். அதை டாக்டர் சொல்லும் வேறு நாளில் சாப்பிட வேண்டும். இரண்டும் சிறிதாக, மஞ்சளாக இருப்பதுண்டு. தனித்தனி டப்பாவில் வைப்பது நல்லது.

ரத்தம், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு அவ்வப்போது பரிசோதனை உண்டு. தோல் ஆறிவிட்டது என்று அதை விட்டுவிடக் கூடாது. சாராயம் ஆகாது. கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடவே கூடாது. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் ஆணும் பெண்ணும் முன்னதாகவே டாக்டரிடம் சொல்ல வேண்டும். வலி மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிப் போடுவதும் ஆபத்து.

ஒரு வாரம் மறந்தால் அடுத்த வாரம் இரட்டிப்பாகப் போடக் கூடாது.

காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமல், மூச்சு வாங்குதல் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். தவறித் தினமும் போட்டிருந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்கு மாற்று மருந்து உண்டு. மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.