மோட்டார் அறைக்கு அலாரம்: ஒயரை அறுத்தாலும் சைரன் ஒலிக்க வேண்டும்

கோடையில் மோட்டார் ஒரு வாரம் நின்றால் பயிர் என்ன ஆகும் என்பதை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செம்புக் கம்பிக்காகக் கேபிளையும் ஸ்டார்ட்டரையும் திருடுவோர், எடுத்துச் செல்லும் பொருளின் மதிப்பைவிடப் பல மடங்கு நட்டத்தை நமக்கு வைத்துவிட்டுப் போகின்றனர். எனவே தோட்டத்து வீட்டுக்கும் அதை ஒட்டிய மோட்டார் அறைக்கும் சேர்த்துத் திருட்டு அலாரம் அமைக்கச் சிலர் முன்வருகின்றனர்.

அண்மையில் ஒரு சிற்றூரில், அலாரம் பொருத்திய மோட்டார் அறையிலிருந்தே ஸ்டார்ட்டர் திருட்டுப் போயிற்று. சென்று பார்த்தபோது கருவியில் எந்தப் பழுதும் இல்லை. கூரையோரம் தொங்கிய ஒயரை அறுத்துவிட்டுத் திருடன் உள்ளே நுழைந்திருக்கிறான். சைரன் ஒலிக்கவில்லை. தவறு, ஒயரை இணைத்த முறையில் இருந்தது. இத்தவறு நேராமல் அமைப்பது எப்படி என்பதைக் காண்போம்.

கருவி வேலை செய்யும் விதம்

மோஷன் சென்சார் என்பது நடமாட்டத்தை உணரும் கருவி. இது எதையும் வெளியே அனுப்புவதில்லை. மனித உடலிலிருந்து வரும் வெப்பக் கதிர் தன் பார்வைப் பரப்பில் இடம் மாறும்போது அதை உணர்ந்து, உள்ளிருக்கும் ஸ்விட்சை இயக்குகிறது. குறுக்கே நடப்பவரை எளிதில் கண்டுகொள்ளும். நேர் எதிரே மெதுவாக வருபவரைச் சற்றுத் தாமதமாகவே காணும்.

பொருத்தும் இடம்

தரையிலிருந்து 7 முதல் 8 அடி உயரத்தில், அறையின் மூலையில் பொருத்துவது நல்லது. கதவைத் திறந்து வருபவர் அதற்குக் குறுக்கே நடக்கும்படி இடம் தேர்வு செய்ய வேண்டும். வெயில் நேராக விழும் சன்னலையோ, ஓட்டை வழியே வெளிச்சம் வரும் தகரத்தையோ நோக்கி வைக்கக் கூடாது. தகரக் கூரையின் கீழ் அறைச் சூடு உடற்சூட்டை நெருங்கினால் கருவியின் கூர்மை குறையும், காற்றோட்டம் தேவை. ஒயர் நுழையும் துளையை மக்கு வைத்து அடைக்க வேண்டும். பல்லியும் சிலந்தியும் உள்ளே புகுந்தால் நள்ளிரவில் வீண் கூச்சல் எழும். நான்கு முறை வீணாக ஒலித்த அலாரத்தை ஐந்தாம் முறை எவரும் பொருட்படுத்துவதில்லை.

ஒயர் இணைப்பு

இதற்கு நான்கு கோர் ஒயர் போதும். சிவப்பும் கறுப்பும் 12 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டு செல்லும். மற்ற இரண்டும் செய்தி ஒயர்கள். இவற்றை இணைப்பதில் இரு முறைகள் உண்டு.

முதல் முறையில் ஸ்விட்ச் எப்போதும் திறந்திருக்கும். ஆளைக் கண்டால் மூடும். ஒயர் அறுந்துவிட்டால் செய்தி வரவே வராது. மேற்சொன்ன தோட்டத்தில் இப்படித்தான் இணைத்திருந்தனர். இரண்டாவது முறையில் ஸ்விட்ச் எப்போதும் மூடியிருக்கும். ஆளைக் கண்டால் திறக்கும். இதில் ஒயரை அறுத்தாலும் அலாரம் பெட்டிக்கு அது ஆளைக் கண்டதற்குச் சமமே. பரண் மேலிருக்கும் காவல்காரன் இடையிடையே குரல் கொடுத்துக்கொண்டே இருப்பான். குரல் நின்றால் ஏதோ விபரீதம் என்று வீட்டார் ஓடுவர். அதே முறைதான் இது. ஆகவே கருவியில் என்.சி. என்று குறித்த முனைகளையே பயன்படுத்தச் சொல்லுங்கள். மூடியைத் திறந்தால் அறிவிக்கும் டேம்பர் முனைகளையும் அதே சுற்றில் தொடராக இணைக்கச் சொல்லுங்கள்.

அலாரம் பெட்டியுடன் சிறு ரெசிஸ்டர்கள் தருவார்கள். அதைச் சென்சாருக்குள், சுற்றின் கடைசியில் பொருத்த வேண்டும். வேலை எளிது என்று சில ஒயர்மேன்கள் பெட்டியிலேயே முறுக்கிவிடுகின்றனர். அப்படிச் செய்தால், வழியில் எவரேனும் இரு செய்தி ஒயர்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டாலும் பெட்டி எல்லாம் சரி என்றே நினைத்துக்கொள்ளும்.

ஒயரின் நீளமும் கனமும்

சாதாரண அலாரம் ஒயரின் கோர் 0.22 சதுர மில்லிமீட்டர். 100 மீட்டர் தூரத்துக்குப் போக வர அதன் மின்தடை சுமார் 16 ஓம். சென்சார் 20 மில்லி ஆம்பியர் எடுத்தால் 0.3 வோல்ட்டே குறையும்; பாதகமில்லை. ஆனால் அரை ஆம்பியர் எடுக்கும் சைரனை இதே ஒயரில் இணைத்தால் 8 வோல்ட் குறைந்துவிடும். சைரன் முனகக்கூட முனகாது. தூரத்துச் சைரனுக்கு 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் தனியே இழுக்க வேண்டும். அப்போது இழப்பு 2 வோல்ட்டுக்குள் அடங்கும்.

ஒயரைத் தொங்கவிடாமல் பி.வி.சி. குழாயில் இட்டு ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தால் எலிக்கும் திருடனுக்கும் எட்டாது. மோட்டார் கேபிள் செல்லும் குழாயில் இதை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குறைந்தது ஓரடி விலகிச் செல்ல வேண்டும். மின்னல் காலத்தில் நீண்ட ஒயர் அதிர்வைக் கடத்துமாதலால் இடிதாங்குச் சாதனம் ஒன்றும் அவசியம்.

பேட்டரி

அலாரம் பெட்டியை வீட்டுக்குள், வீட்டு மின் இணைப்பில் வைப்பதே முறை. மின்சாரம் நின்றால் பேட்டரி தாங்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரியில் மொத்தச் செலவு 150 மில்லி ஆம்பியர் என்றால் கணக்குப்படி 46 மணி நேரம் ஓடும். நடைமுறையில் அதில் பாதியை நம்பலாம். மூன்று, நான்கு ஆண்டுகளில் பேட்டரியை மாற்றிவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை

திருடனுக்கென்று கதவிலோ வேலியிலோ மின்கம்பத்து மின்சாரத்தை விடுவது சட்டப்படி குற்றம். அதில் முதலில் மாட்டுவது நம் வீட்டுப் பிள்ளையாகவோ உழவு மாடாகவோ இருக்கலாம். கேபிளை மறுபடி வாங்கலாம். உயிரை வாங்க முடியாது. மேலும், சென்சார் அறைக்குள் வருபவரை மட்டுமே காட்டும். வெளியே கிடக்கும் கேபிளை அது காக்காது. அதையும் தனிக் குழாயில் புதைத்தல் நலம்.

பணம் தருமுன் சோதனை

வேலை முடிந்ததும் அலாரத்தை இயக்கி, ஒயர்மேன் முன்னிலையில் மூன்று சோதனைகள் செய்யுங்கள். முதலாவது, அறைக்குள் குறுக்கே நடந்து பாருங்கள். இரண்டாவது, சென்சாரில் ஒரு செய்தி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். இவ்விரண்டிலும் சைரன் ஒலிக்க வேண்டும். மூன்றாவது, கழற்றியதைப் பொருத்திய பின், பெட்டிக்கு வரும் இரு செய்தி ஒயர்களையும் ஒன்றோடொன்று தொடச் சொல்லுங்கள். சைரன் ஒலிக்க வேண்டும். அல்லது பெட்டியில் பழுது விளக்காவது எரிய வேண்டும். ஒன்றில் தவறினாலும் இணைப்பை மாற்றிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். பிறகு மாதம் ஒருமுறை நடந்து பார்க்கும் சோதனையைத் தவறாமல் செய்துவந்தால், அலாரத்தை நம்பி நிம்மதியாகத் தூங்கலாம்.