பொடியா, தையலா, கணக்கா?

கேள்வி: நான் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வயது 31. பி.காம். முடித்து, ஒரு நூல் மில் ஆபீஸில் மூன்று வருடம் டேலியில் கணக்குப் பார்த்தேன். மூத்தவள் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டேன். அவள் இப்போது யு.கே.ஜி. போகிறாள், சின்னவனுக்கு இரண்டேகால் வயது. கணவர் ஒருவர் சம்பளத்தில் வாடகை, ஸ்கூல் ஃபீஸ், பால், கேஸ் எல்லாம் போக மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது. நான் அரைக்கும் இட்லிப் பொடி நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அம்மா கொடுத்த தையல் மெஷின் இருக்கிறது, பிளவுஸ் தைப்பேன். இதற்கிடையில் வீட்டிலிருந்தே பென்சில் பேக்கிங் செய்தால் மாதம் 30,000 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா? இல்லையென்றால் கம்மலை அடகு வைத்துப் பொடி வியாபாரம் தொடங்கலாமா? மாமியார், “வீட்டுல சும்மாதானே இருக்கே, ஏதாவது பண்ணு” என்கிறார். எனக்கு வழி சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 1,500 ரூபாயைக் கட்டாதீர்கள். வேலை கொடுப்பவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும். வேலை கொடுக்க உங்களிடமே பணம் கேட்பவரிடம் வேலை கிடையாது. பெரிய பென்சில் கம்பெனிகளில் பேக்கிங் மெஷினில் நடக்கிறது. வீடு வீடாகப் பென்சிலை அனுப்பி, திரும்ப வாங்கி, கூலியும் வண்டி வாடகையும் கொடுத்தால் ஒரு பென்சில் என்ன விலைக்கு விற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் பணம் போனதும் ஐடி கார்டுக்கு, கூரியருக்கு, ஜிஎஸ்டிக்கு என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். பிறகு நம்பர் ஸ்விட்ச் ஆஃப் ஆகிவிடும்.

டேட்டா என்ட்ரி வேலை என்று வருவதிலும் ஒரு பயங்கரம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களை டைப் அடிக்க வைத்துவிட்டு, “தப்பு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், நஷ்டஈடு கட்டுங்கள்” என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை அனுப்புவார்கள். வீட்டில் சொல்லப் பயந்து, நகையை வைத்துக் கட்டிய பெண்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். அதைவிட ஆபத்தானது இன்னொன்று: “உங்கள் அக்கவுண்டுக்குப் பணம் வரும், நாங்கள் சொல்லும் அக்கவுண்டுக்கு மாற்றிவிடுங்கள், கமிஷன் தருகிறோம்” என்பது. அது பெரும்பாலும் வேறு யாரிடமோ திருடிய பணம். போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். ஏற்கெனவே பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

இனி உங்கள் பொடிக்கு வருகிறேன். அது ருசியாகத்தான் இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் கம்மலைக் கழற்றுவதற்கு முன் ஒரு காகிதம் எடுங்கள். ஒரு தடவைக்கு உளுந்து அரைக் கிலோ, கடலைப்பருப்பு 200 கிராம், மிளகாய் வற்றல் 100 கிராம், எள் 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். என் பகுதி மளிகைக் கடை விலையில் இவற்றுக்கு ஏறக்குறைய 132 ரூபாய் ஆகிறது. பெருங்காயம், உப்பு, எண்ணெய் 15. கேஸ் 10. மில்லில் அரைக்கூலி 18. வறுக்கும்போது குறைவது, மில்லில் ஒட்டுவது போக, நம்பிக்கையாக 100 கிராம் பாக்கெட் எட்டு வரும். பாக்கெட், லேபிள் தலா 4 ரூபாய் என்றால் 32. ஆக மொத்தம் 207 ரூபாய். உங்கள் கடை விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கின் போக்கு பெரிதாக மாறாது.

பாக்கெட் 40 ரூபாய்க்கு எட்டும் விற்றால் 320 வரும், மிச்சம் 113. மிளகாய் காம்பு கிள்ளுவது, வறுப்பது, மில்லுக்குப் போய்வருவது, பொட்டலம் போடுவது எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரமாவது பிடிக்கும். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு 38 ரூபாய்கூட வரவில்லை. இதையே கடையில் வைத்து, கடைக்காரருக்கு பாக்கெட்டுக்கு 8 ரூபாய் விட்டால் மிச்சம் 49. மணிக்கு 16 ரூபாய். விற்காத பாக்கெட்டை அவர் திருப்பிக் கொடுத்தால் அதுவும் இல்லை.

“லாபம் வருது, ஆனா கையில நிக்க மாட்டேங்குது” என்று மகளிர் குழுக் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். காரணம் பெரும்பாலும் இதுதான். பருப்புக்கு விலை போடுகிறோம், பாக்கெட்டுக்கு விலை போடுகிறோம், நம் கைக்கு விலை போடுவதில்லை. வீட்டு வேலைக்குக் கூலி இல்லை என்று பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தை வியாபாரத்துக்கும் கொண்டுவந்துவிடுகிறோம்.

அதற்காகப் பொடியை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரே நேரத்தில் நான்கு மடங்கு செய்தால் நேரம் நான்கு மடங்கு ஆகாது, ஆறு மணி நேரத்தில் முடியும். நேரடியாக விற்றால் மிச்சம் 452, மணிக்கு 75 ரூபாய் வரும். எனவே மாதம் ஒரு நாளை நிச்சயித்து, முன்கூட்டியே ஆர்டர் எடுத்து, கேட்டவர்களுக்கு மட்டும் செய்யுங்கள். கடையில் வைக்காதீர்கள். வறுத்தது நன்றாக ஆறிய பிறகு அரையுங்கள், அரைத்ததும் ஆறட்டும். சூட்டோடு கட்டினால் பாக்கெட் உள்ளே வியர்த்து வாடை வந்துவிடும். சிறிய அளவில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். சிறு தயாரிப்பாளர்களுக்கான பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் போட வேண்டும். என்னென்ன சேர்த்திருக்கிறது, எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்பதும் இருக்க வேண்டும்.

சரி, உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடம் டேலி! பொடியைப் பற்றி எழுதினீர்கள், மெஷினைப் பற்றி எழுதினீர்கள். ஒரு நிறுவனம் உங்களுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்து வாங்கிக்கொண்ட திறமையைக் கேள்வியிலேயே சேர்க்கவில்லை. வீட்டிலிருந்து சம்பாதிப்பது என்றாலே சமையல், தையல் என்று நம் மனம் ஓடிவிடுகிறது. என் கருத்தில் உங்கள் முதல் தொழில் கணக்குதான்.

உங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். தென்னை நார் யூனிட், கோழிப்பண்ணை, மாட்டுத்தீவன வியாபாரம், ஹார்டுவேர் கடை, சின்னச் சின்ன நூல் மில். ஜிஎஸ்டியில் பதிவு செய்த ஒவ்வொருவரும் கணக்குக் காட்டியாக வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரத்துக்கான ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள், வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 20-ஆம் தேதிக்குள். அந்த இருபது நாளும் ஆடிட்டர் ஆபீஸ்களில் பில் மலைபோல் குவிந்து கிடக்கும்; பதிவு போட ஆள் பற்றாது. கடைக்காரர் பில்களைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், நீங்கள் வீட்டில் உட்கார்ந்து பதிவு போடலாம். குழந்தை எழுந்து அழுதால் பாதி பில்லில் நிறுத்திவிட்டு எழுந்து போகலாம். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது அது முடியாது.

இடைவெளி விழுந்துவிட்டதே என்று தயங்காதீர்கள். ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில், நீங்கள் அதில் வேலை பார்த்தவர். இடையில் மாறியவற்றைப் படித்துக்கொண்டால் போதும். 2021 முதல் ஐந்து கோடி வரை விற்பனை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யலாம் என்ற வசதி வந்தது. 2023 ஆகஸ்டிலிருந்து ஐந்து கோடிக்கு மேல் விற்பவர்கள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவிகித விகிதங்களில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5, 18-க்கு மாறிவிட்டன. இவற்றைப் புரிந்துகொள்ளச் சில வாரம் போதும்.

இந்த வேலையில் பெயர் எடுப்பது வேகத்தால் அல்ல, சரிபார்ப்பதால். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலம், நமக்கு 33. அடுத்த பத்து பான் எண். விற்பனை பில்லில் வாங்கியவருடைய எண்ணில் ஒரு எழுத்து மாறினால் அவருக்கு உள்ளீட்டு வரி வரவு காட்டாது. அவர் கடைக்காரருக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவார், கடைக்காரர் ஆடிட்டரிடம் வருவார். பதிவு போட்ட பிறகு எண்ணையும் தொகையையும் மட்டும் தனியாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தெளிவில்லாத பில்லை ஊகித்துப் போடாமல் தனிப் பட்டியலாக எழுதி அனுப்புங்கள். ஒன்றில் கண்டிப்பாக இருங்கள்: உங்கள் பொறுப்பு பதிவு போடுவதோடு முடிய வேண்டும். ஓடிபி உங்கள் மொபைலுக்கு வருவதாக வைத்துக்கொள்ளக் கூடாது. தாக்கல் செய்வதை ஆடிட்டரோ கடைக்காரரோ செய்யட்டும். அடுத்தவர் வியாபாரக் கணக்கு உங்கள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

தையலை இரண்டாவதாக வையுங்கள். துணி வாடிக்கையாளருடையது, முதல் போட வேண்டாம், கெட்டுப்போக ஒன்றுமில்லை. லைனிங் பிளவுஸில் இறங்குவதற்கு முன் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது, சுடிதார் ஆல்டர், ஸ்கூல் யூனிஃபார்ம் மடிப்புப் பிரிப்பது என்று சின்ன வேலைகளாகப் பிடியுங்கள். சீக்கிரம் முடியும், கைக்குக் காசு வரும். ஒரு நோட்டில் பெயர், அளவு, வாங்கிய தேதி, கொடுக்கும் தேதி எழுதி, அந்தத் துணியின் வெட்டுத் துண்டு ஒன்றை அதே பக்கத்தில் பின் குத்திவிடுங்கள்; தீபாவளி நெரிசலில் ஒரே நிறத்தில் நான்கு பட்டு வரும்போது அருமை தெரியும். பாதி முன்பணம் வாங்குங்கள், உறவுக்காரர் என்றாலும். “சித்தி, மெஷின்காரருக்கும் நூலுக்கும் கொடுக்கணும்” என்று சிரித்த முகத்தோடு முதல் தடவையே சொல்லிவிட்டால் பிறகு சங்கடம் இல்லை. தையல் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாடு அரசின் தனி நலவாரியம் இருக்கிறது. தொழிலாளர் துறை மூலம் பதிவு செய்துகொண்டால் குழந்தைகள் படிப்பு, திருமணம், விபத்து ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு. கத்திரிக்கோலும் ஊசியும் மட்டும் சின்னவன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கடன் இப்போது வேண்டாம். நகை அடகுக்கும் வாரத் தவணைக் கடனுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும், வருமானம் அவ்வளவு சீக்கிரம் வராது. சில மாதம் வேலை வந்து நின்ற பிறகு லேப்டாப்போ ஓவர்லாக் மெஷினோ வாங்க வேண்டியிருந்தால், முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான ‘சிசு’ கடனை வங்கியில் அடமானம் இல்லாமல் கேட்கலாம். பொடியையோ தையலையோ தொழிலாக நடத்த அரசின் உத்யம் பதிவு செய்துகொள்ளலாம். அது முழுக்க இலவசம். பதிவு செய்து தருகிறேன் என்று கட்டணம் கேட்கும் தளங்களில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வங்கிக் கணக்கும் க்யூஆர் கோடும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். வரும் பணம் வீட்டுச் செலவுக்குப் போனால் நல்லதுதான், ஆனால் எவ்வளவு வந்தது, எவ்வளவு கொடுத்தேன் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கணக்குப் படித்த உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நம் பெண்கள் ஊர்க் கணக்கை எழுதுவார்கள், தங்கள் கணக்கை எழுத மாட்டார்கள், அதனால் சொல்கிறேன்.

நேரத்துக்கு என்ன செய்வது? சின்னவனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டதே, அங்கன்வாடியில் சேர்த்துவிடுங்கள். பாட்டு, விளையாட்டு, மதியச் சாப்பாடு எல்லாம் அங்கேயே கிடைக்கும். காலையில் உங்களுக்கு இரண்டு மூன்று மணி நேரம் தடையில்லாமல் வரும். எல்லாவற்றையும் இரவு பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். தூக்கத்தை விற்றுச் சம்பாதித்தால் அது உடம்பில் வந்து நிற்கும். மாதத்தின் முதல் இருபது நாள் மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகள் அவர் பொறுப்பு என்று கணவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். மாமியார் சொன்னது மனதைத் தைத்திருக்கும். இரண்டு பிள்ளைகளையும் ஒரு வீட்டையும் பார்த்துக்கொள்ளும் நீங்கள் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. ஆனால் அவரிடம் வாதாட வேண்டாம். “அத்தை, காலைல பத்துலருந்து பன்னெண்டு வரைக்கும் கணக்கு வேலை இருக்கு, யாராவது வந்தா நீங்க பாத்துக்கங்க” என்று நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான வீடுகளில் மாமியார்கள் உதவிக்கு வந்துவிடுகிறார்கள். என்ன வேலை, எவ்வளவு நேரம் என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

உடுமலையில் இரண்டு மூன்று ஆடிட்டர் ஆபீஸ்களுக்கு நேரில் போங்கள். பழைய மில்லில் அனுபவச் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் அங்கே உடன் வேலை பார்த்தவர் யாரையாவது ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். முதல் மாதம் ஒரே ஒரு கடையின் கணக்கை மட்டும் கேளுங்கள். பில்லுக்கு இவ்வளவா, மாதத்துக்கு இவ்வளவா, எந்தத் தேதியில் பணம் என்பதை வேலையைத் தொடுவதற்கு முன்பே பேசி வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போவதென்றால் 20-ஆம் தேதி தாண்டிப் போங்கள். அதற்கு முன் அங்கே யாருக்கும் நிமிர்ந்து பேச நேரம் இருக்காது.