நகல் ரிவால்வரின் மரக் கைப்பிடியைக் கருமையாக்குதல்

1851ஆம் ஆண்டின் கோல்ட் நேவி ரிவால்வருக்கு இத்தாலியின் பிரெஷியா வட்டாரத்தில் 1950களின் இறுதியிலிருந்து நகல்கள் செய்யப்படுகின்றன. உருளை, குழல், பித்தளை விசைக்காப்பு எல்லாம் அசலை ஒட்டியே இருக்கும். ஆளைக் காட்டிக்கொடுப்பது கைப்பிடிதான். நல்ல வால்நட் மரத்தின்மேல் செம்பழுப்பு வார்னிஷ் கண்ணாடிபோலத் தடித்து நிற்கும். மரத்தின் ரேகையே கண்ணுக்குத் தெரியாது.

அசல்களிலும் வார்னிஷ் இருந்தது. கடைவிற்பனைக்குப் போனவற்றுக்கு வார்னிஷ், ராணுவத்துக்குப் போனவற்றுக்கு எண்ணெய் என்பதே அன்றைய பொது வழக்கம். ஆனால் இன்று அருங்காட்சியகத்தில் தெரியும் கருமை எந்தப் பூச்சும் தந்ததல்ல. வியர்வையும் துப்பாக்கி எண்ணெயும் கைஅழுக்கும் நூற்றைம்பது ஆண்டுகளாக மரத்தில் ஊறியதால் வந்தது. வெயில் மட்டும் பட்டால் வால்நட் உண்மையில் வெளிறும். கருமை இப்படி ஊறி வந்தது என்பதால் நகலிலும் நிறம் மரத்துக்குள் இறங்க வேண்டும், மேலே படியக் கூடாது.

முதலில் உருளையின் ஆறு அறைகளும் காலியா, பின்னாலுள்ள நிப்பிள்களில் மருந்துக் கேப்பு ஏதும் இல்லையா என்று பார்க்க வேண்டும். இது சடங்கல்ல, மறந்துபோன ஒரு கேப்பு போதும். கைப்பிடியின் முதுகில் ஓடும் உலோகப் பின்பட்டையை மூன்று திருகுகள் பிடித்திருக்கும்: சுத்தியலின் இருபுறமும் ஒவ்வொன்று, கைப்பிடியின் அடியில் ஒன்று. காடிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இல்லாவிட்டால் வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. அலகு நழுவினால் திருகின் தலையில் பிசிறெழும், பக்கத்துப் பித்தளையிலும் கீறல் விழும். ஓர் அட்டையில் துளையிட்டு, கழற்றிய திருகுகளை அதே வரிசையில் குத்தி வைத்தால் பிறகு குழப்பம் வராது. பின்பட்டை வந்ததும் ஒரே துண்டான கைப்பிடி பின்பக்கமாக நழுவி வெளியே வரும்.

பழைய வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. பெயின்ட் ரிமூவரைத் தடவி, அது குமிழ்விட்டுக் கிளம்பியதும் பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுப்பது மேல். ரப்பர் கையுறையும் காற்றோட்டமும் வேண்டும். மிச்சத்தை இரும்புப் பஞ்சால் துடைக்கலாம்.

அடுத்து வருவது உப்புத்தாள். 220இல் தொடங்கி 320, 400 என்று ஏறலாம். கவனமெல்லாம் விளிம்பில் இருக்க வேண்டும். மரமும் உலோகமும் சேரும் இடத்தில் மரம் அரை மில்லிமீட்டர் தேய்ந்தாலும், மீண்டும் பூட்டும்போது பித்தளை படிபோல வெளியே துருத்தும். விரலால் தடவினாலே தெரியும். அந்த விளிம்பில் தாளை அழுத்தாமல் விடுவது ஒரு வழி. பின்பட்டையைப் பூட்டி, அதன்மேல் மறைப்பு நாடா ஒட்டிவிட்டுத் தேய்ப்பது இன்னும் பாதுகாப்பு. முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் மரத்தின் நுண்ணிய நார்கள் மயிர்க்கூச்சம்போல எழுந்து நிற்கும். காய்ந்தபின் அவற்றை 400 தாளால் லேசாக நீவிவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் முதல் சாயத்திலேயே அந்தச் சொரசொரப்பு திரும்பி வரும்.

கருமையாக்க எளிய வழி, தோலுக்குப் போடும் ஸ்பிரிட் கலந்த அடர்பழுப்புச் சாயம். துணியில் தொட்டு ஒரே சீராக இழுக்க வேண்டும். அதிகமாகிவிட்டால் வெறும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக் கொஞ்சம் குறைக்கலாம்.

இன்னொரு வழி இரும்பும் வினிகரும். எண்ணெய்ப் பசை போகக் கழுவிய இரும்புப் பஞ்சை வெள்ளை வினிகரில் இரண்டு மூன்று நாள் ஊறவிட வேண்டும். வாயு கிளம்பும் என்பதால் மூடியை இறுக்கக் கூடாது. அந்தக் கரைசல் மரத்தின் துவர்ப்புப் பொருளான டானினோடு சேர்ந்து கறுக்கும். வால்நட்டில் டானின் ஓரளவே உண்டு. ஆகவே கடுந்தேயிலைச் சாற்றை முதலில் பூசிக் காயவிட்டால் கருமை ஆழமாகும். கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்புக் கரைசலும் சேர்ந்து கறுப்புக் கோடு விழுவதும் இதே வேதியியல்தான். முதலில் சாம்பல் பூத்ததுபோலத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். எண்ணெய் பட்டதும் அடர்பழுப்பாக மாறும். ஆனால் சாயமானாலும் இரும்புக் கரைசலானாலும் கைப்பிடியின் உட்குழிவில், வெளியே தெரியாத இடத்தில் பூசிப் பார்த்த பிறகே வெளிப்புறம் தொட வேண்டும். வினிகரின் அமிலம் மரத்தில் மிச்சமிருந்தால் இரும்பில் துரு ஏறும். ஈரத்துணியால் துடைத்து இரண்டு நாள் உலரவிடுவது கட்டாயம்.

முழுக்க ஒரே கருமையாக இருந்தால் அதுவும் போலியாகவே தெரியும். கைப்பட்டு மழுங்கும் பக்கவாட்டு மேடுகளில் இரும்புப் பஞ்சால் நான்கு இழுப்பு இழுத்துச் சற்று வெளிறவிட்டு, உலோகத்தை ஒட்டிய ஓரங்களை அப்படியே விட்டால் பழமை நம்பும்படி இருக்கும். அதற்குமேல் கீறல், பள்ளம் என்று வேண்டுமென்றே உண்டாக்குவது நாடகம்.

கடைசியாக எண்ணெய். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், அதாவது கடைகளில் கேட்கும் பாயில்டு லின்சீட் ஆயில், சில துளிகள் போதும். உள்ளங்கையால் சூடேறும்வரை தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்துவிட வேண்டும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் ஒரு நாளாவது இடைவெளி. மழைக்காலத்தில் இரண்டு நாள். ஐந்தாறு பூச்சில் மங்கலான பளபளப்பு வரும். தடித்துப் பூசினால் பிசுபிசுப்பு வாரக்கணக்கில் போகாது. எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் ஊறப்போட வேண்டும், அல்லது வெளியே விரித்துக் காயவைக்க வேண்டும்.

ஒரு வாரம் காய்ந்தபின் தேன்மெழுகைத் தடவித் துணியால் துலக்கி, கைப்பிடியையும் பின்பட்டையையும் பொருத்தி, மூன்று திருகுகளையும் முதலில் கையாலேயே பிடிக்கவைத்து, பிறகு மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். கரிமருந்து சுட்டபின் ரிவால்வரைச் சோப்புக் கலந்த வெந்நீரில் கழுவுவது வழக்கம். கைப்பிடியைக் கழற்றிவிட்டே அதைச் செய்ய வேண்டும்.