பனி விழுமுன் ட்ரையரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்தள்ளுகிறோம். புகை எச்சரிக்கைக் கருவியை அழுத்திப் பார்க்கும்படி தீயணைப்புத் துறையினர் நினைவூட்டும் நாளும் அதுதான். அந்த வார இறுதியில் இன்னொரு வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பேஸ்மென்டில் நிற்கும் ட்ரையரைச் சுவரைவிட்டு இழுத்து, அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் என்று எம்மவர் வாழும் இடங்களில், கோடையில் பின்முற்றத்துக் கொடியிலும் டெக்கின் கைப்பிடியிலும் காய்ந்த உடுப்பெல்லாம் இனி ஏப்ரல் வரைக்கும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் காயப்போகிறது. மெல்லிய பருத்திச் சட்டைகள் இருந்த இடத்துக்குத் தடித்த ஹூடியும் ஜீன்ஸும் போர்வையும் வரும். கோடையில் மெதுவாகக் கெட்டுக்கொண்டிருந்தது குளிர் இறுகும் வாரத்தில்தான் வெளியே தெரியும். அப்போது திருத்துபவர் வர நாளாகும், சுவருக்கு வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும்.

இதில் வசதியை விடப் பெரிய விடயம் ஒன்றும் இருக்கிறது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான காலத்தை ஆராய்ந்து, அந்நாட்டு வீடுகளில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,900 ட்ரையர் தீவிபத்துகள் நடப்பதாகக் கணக்கிட்டது. அவை உச்சத்தைத் தொடும் மாதம் ஜனவரி. காரணங்களில் முதலிடத்தில், 34 சதவீதத்தோடு நின்றது, துப்புரவு செய்யாமல் விட்டதுதான். அதாவது இந்த வேலையின் பெரும்பகுதிக்குத் தொழில் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஒரு வக்யூம் கிளீனர், ஒரு திருப்புளி, தடித்த கையுறை, அரைநாள் பொழுது போதும்.

முதலில் காற்று, பிறகுதான் சூடு

"ட்ரையர் சூடாகுதில்லை" என்று எவராவது சொன்னால், காற்று வெளியே போகிறதா என்று திருப்பிக் கேட்பேன். ட்ரையர் செய்யும் வேலை, சூடான காற்றை ஈர உடுப்பினூடாக இழுத்து ஈரத்தோடு சேர்த்து வெளியே தள்ளுவது. வோஷரில் நன்றாகப் பிழிபட்டு வந்தாலும் நாலு கிலோ உடுப்பு இரண்டு லீற்றர் அளவு தண்ணீரைச் சுமந்துகொண்டுதான் வரும். அவ்வளவும் ஆவியாகி ஒரு 4 அங்குலக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே போக வேண்டும். குழாய் அடைபட்டால் ஈரமும் போகாது, சூடும் போகாது. உடுப்பு இரண்டு தடவை ஓடியும் காயாது. உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் நம்மைக் காப்பாற்றுவது காற்றாடிக் கூட்டின் மேல் இருக்கும் விரல் நீளச் சாமான் ஒன்று: வெப்பப் பியூஸ். பலவற்றில் அது 91 பாகை செல்சியஸ் அளவில் அறுந்துவிடும். அறுந்தால் அறுந்ததுதான், தானாக மீளாது.

எங்கள் வீட்டில் ஒரு மாரியில் அது அறுந்தது. வந்தவர் புதியது போட்டு, காசு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாரியில் மறுபடியும் அறுந்தது. இரண்டாம் முறை நானே வெளியே போய்ச் சுவரில் இருந்த காற்றுவாயைத் திறந்தேன். உள்ளே ஒரு குருவிக்கூடு. அதன் மேல் கம்பளி போல இறுகிய பஞ்சுத்தூசி. பியூஸ் இரண்டு தடவையும் தன் கடமையைச் சரியாகத்தான் செய்திருந்தது. ஏன் அறுந்தது என்று முதல் தடவை எவரும் தேடவில்லை. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்: பாகத்தை மாற்றுவதற்கு முன்னர் குழாயைத் துப்புரவு செய்யுங்கள். துப்புரவு செய்யாமல் போடும் புதிய பியூஸ் அடுத்த குளிருக்கும் நிற்காது.

சுவருக்கு வெளியே தொடங்குங்கள்

நிலம் பனி மூடாமல் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். ட்ரையரை ஓடவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். காற்றுவாயின் மடல் நன்றாகத் திறந்து, கையை வைத்தால் காற்று தள்ள வேண்டும். மடல் அரைகுறையாக ஆடினால் எங்கோ அடைப்பு இருக்கிறது. ட்ரையரை நிறுத்தி, மடலின் அச்சில் ஒட்டியிருக்கும் தூசியைப் பழைய பல்துலக்கியால் உரசி எடுங்கள். உடைந்த மடலென்றால் மூடியையே மாற்றிவிடுங்கள். மூடாத மடல் வழியே குளிரும் எலியும் உள்ளே வரும். ஸ்டார்லிங் பறவைகள் வசந்தத்தில் இந்த ஓட்டைகளைத் தேடிப் பிடித்துக் கூடு கட்டும். கூடு கிடந்தால் இப்போது எடுத்துவிடலாம், குஞ்சு இருக்கும் காலமல்ல. பறவைக்குப் பயந்து சிலர் நுண்ணிய கம்பிவலை அடித்து விடுகிறார்கள். அதைக் கழற்றுங்கள். சில வாரங்களிலேயே பஞ்சுத்தூசி அந்த வலையில் பாயாகப் படிந்துவிடும்.

இனி உள்ளே வாருங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பொத்தானை நிறுத்துவது போதாது, பிளக் கண்ணுக்கு முன்னால் கழன்று கிடக்க வேண்டும். காஸில் ஓடும் ட்ரையர் என்றால் அதை இழுக்கவே வேண்டாம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பின்னால் இருக்கும் குழாயைக் கழற்றி, இரு முனையிலிருந்தும் தூசியை இழுத்தெடுங்கள். நீண்ட தண்டு வைத்த தூரிகை வன்பொருள் கடைகளில் கிடைக்கும். வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயோ, கையில் கசங்கும் மெல்லிய ஃபொயில் குழாயோ இருந்தால் திரும்ப மாட்டாதீர்கள். அவற்றின் மடிப்பு ஒவ்வொன்றும் தூசிக்கு ஒரு தட்டு. பிளாஸ்டிக் தீப்பிடிக்கவும் செய்யும். வழுவழுப்பான 4 அங்குல உலோகக் குழாய் வாங்குங்கள். மூட்டுகளில் அலுமினியப் பட்டி ஒட்டுங்கள், திருகாணி வேண்டாம். உள்ளே நீட்டும் ஆணிமுனை தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாதை நேராகவும் குட்டையாகவும் இருக்கட்டும். ஒரு 90 பாகை வளைவு 5 அடி நீளத்துக்குச் சமன் என்பது வழமையான கணக்கு. ட்ரையரைத் திரும்பத் தள்ளும்போது குழாயை நசுக்கிவிடாதீர்கள். முழு வேலையையும் செய்துவிட்டுக் கடைசித் தள்ளலில் கெடுப்பது மிகவும் சாதாரணமாக நடக்கிறது.

பஞ்சு வலையை ஒவ்வொரு தடவையும் வழிப்பீர்கள். வருடத்தில் இரு முறை கழுவவும் வேண்டும். வாசனைத் தாள் போட்டு உலர்த்தும் வீடுகளில் வலையின் கண்களில் மெழுகு போன்ற படலம் படியும், பார்த்தால் தெரியாது. வலையைக் குழாயடியில் பிடியுங்கள். தண்ணீர் ஊடுருவாமல் தேங்கி நின்றால் இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் மெல்லிய தூரிகையால் தேயுங்கள். அதே படலம் டிரம்முக்குள் இருக்கும் இரண்டு உலோகப் பட்டிகளிலும் படியும். ஈரத்தை உணர்வது அவைதான். உடுப்பு காயாமலே ட்ரையர் நின்றுவிடுகிறது என்றால், மருந்துக்கடை அல்கஹோல் நனைத்த துணியால் அவற்றைத் துடைத்துப் பாருங்கள். செலவில்லாத திருத்தம் அது.

இன்னமும் சூடு வரவில்லையா?

பிரேக்கர் பெட்டிக்குப் போங்கள். மின்சார ட்ரையருக்கு 240 வோல்ட், 30 அம்பியர் இரட்டைப் பிரேக்கர் இருக்கும். டிரம்மைச் சுற்றும் மோட்டோருக்கு அதில் ஒரு பாதியின் 120 வோல்ட் போதும்; எலிமென்டுக்கு இரண்டு பாதியும் வேண்டும். ஒரு பாதி மட்டும் விழுந்தால் டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும், உடுப்பு மட்டும் குளிர்ந்தே கிடக்கும். பிரேக்கரை முழுதாக நிறுத்தித் திரும்பப் போடுங்கள். மறுபடி விழுந்தால் மூன்றாம் முறை போடாதீர்கள், மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

பிரேக்கர் சரியென்றால் பிளக்கைப் பிடுங்கி உறையைத் திறக்கலாம். கதவை ஒட்டிய சட்டத்தில் மாதிரி எண் எழுதிய ஒட்டி இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்துத்தான் பாகம் வாங்க வேண்டும். பார்வைக்கு ஒன்றாக இருக்கும் பியூஸ்கள் வேறு வேறு வெப்பத்தில் அறுபவை. உள்தகட்டின் ஓரம் கத்தி போல இருக்கும், கையுறையைக் கழற்றாதீர்கள். ஒரு கம்பியைத் தொடுவதற்கு முன்னர் கைத்தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். உள்ளே படிந்த தூசியை முதலில் வக்யூமால் இழுங்கள், எலிமென்ட் கூட்டைச் சுற்றிக் கவனமாக.

ஒரு மலிவான மல்டிமீற்றர் இங்கே கண் திறந்துவிடும். பியூஸின் ஒரு கம்பியைக் கழற்றி, இரு முனையிலும் மீற்றரை வையுங்கள். பூச்சியத்துக்குப் பக்கத்தில் காட்டினால் பியூஸ் நலம். எதுவும் காட்டாவிட்டால் அறுந்தது. எலிமென்டையும் இதே முறையில் பார்க்கலாம். 240 வோல்ட்டில் 5,400 வாட் இழுக்கும் எலிமென்ட் 10.7 ஓம் அளவில் காட்டும். பெரும்பாலும் 8 முதல் 12 வரைக்குள் வரும். பிறகு மீற்றரின் ஒரு முனையை எலிமென்டிலும் மற்றதை அதன் உலோகக் கூட்டிலும் வையுங்கள். அங்கே ஒன்றும் காட்டக் கூடாது. காட்டினால் சுருள் தொய்ந்து கூட்டைத் தொடுகிறது. அப்படிப்பட்டது கட்டுப்பாட்டை மீறிக் கொதிக்கும். உடனே மாற்ற வேண்டும். சில மாதிரிகளில் பியூஸ் அறுந்தால் டிரம்மே சுற்றாது, சிலவற்றில் சுற்றும் ஆனால் சூடு வராது. ஆகவே ட்ரையர் சத்தமே போடாமல் கிடந்தாலும் பியூஸைச் சந்தேகியுங்கள், கதவுச் சுவிச்சையும்தான்.

ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். அறுந்த பியூஸின் இரு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டு, "பாகம் வரும்வரைக்கும் ஓடட்டும்" என்று விடாதீர்கள். வேலை செய்வது போலவே இருக்கும். ஆனால் குழந்தைகள் மேல்மாடியில் தூங்கும் வீட்டில் தீயைத் தடுக்கும் கடைசிக் காவல் அந்தச் சிறிய சாமான்தான். பாகம் வர ஒரு கிழமை எடுத்தால் அந்தக் கிழமை உடுப்பை லோண்ட்ரிக்குக் கொண்டு போங்கள்.

மற்றப் பழுதுகள் சத்தத்தில் தெரிந்துவிடும். மோட்டோர் உறுமி டிரம் நின்றால், டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். எடையில்லாமல் சுழன்றால் பெல்ட் அறுந்திருக்கிறது. புதிய பெல்ட்டின் வரி விழுந்த பக்கம் டிரம்மைப் பார்க்க வேண்டும். தட்டுத் தட்டென்று அடித்தால் டிரம் உருளிகள் தேய்ந்துவிட்டன. கீச்சிட்டால் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கப்பி. டிரம்மை இறக்கிய கையோடு மூன்றையும் மாற்றுவதே புத்தி, ஒரே வேலையை மாரியில் இரு தரம் செய்ய வேண்டியிராது.

தீபாவளித் துவாய்கள்

இது எம்மவர் வீட்டுக்கென்றே சொல்ல வேண்டியது. ஐப்பசியில் எண்ணெய் முழுக்கு வருகிறது. நல்லெண்ணெய் ஊறிய துவாயையும், பலகாரம் சுட்ட அடுப்பைத் துடைத்த துணியையும் வோஷரில் போட்டு எடுத்தாலும் எண்ணெய் முழுதாகப் போவதில்லை. ட்ரையரின் சூட்டில் அந்தத் தாவர எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானே வெப்பத்தைப் பிறப்பிக்கும். சூடாகக் குவித்து வைத்த துணி, இயந்திரம் நின்று நெடுநேரத்துக்குப் பிறகுகூடப் பற்றிக்கொள்ளலாம். எண்ணெய்த் துணிகளைத் தனியே கழுவிக் கொடியிலோ கதிரை முதுகிலோ காயப்போடுங்கள். மற்ற உடுப்புக்கும், கடைசியில் வரும் சூடில்லாச் சுழற்சியை இடையில் நிறுத்தாதீர்கள். அது துணியை ஆற்றுவதற்காகவே இருக்கிறது.

குளிருக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று குழாயைக் கழற்றி பேஸ்மென்டுக்குள்ளேயே காற்றை விடுபவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு லீற்றர் தண்ணீர் சுவரில் போய் ஒட்டும். தை மாதத்துக்குள் மூலையில் பூஞ்சணம் கறுக்கும். காஸ் ட்ரையர் என்றால் கார்பன் மொனொக்சைட்டும் சேர்ந்து வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

காஸ் ட்ரையரில் நீங்கள் தொடக்கூடியது பஞ்சு வலையும் வெளிச்சுவர்க் காற்றுவாயும்தான். ஒன்ராறியோவில் காஸ் வேலைக்குச் சான்றிதழ் பெற்றவர்தான் வர வேண்டும், பின்பக்கத்தைத் துப்புரவு செய்யவும் அவரையே கேளுங்கள். காஸ் மணம் வந்தால் சுவிச்சைத் தொடாமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், அங்கிருந்து அழையுங்கள். மின்சார ட்ரையரிலும், பிளக்கோ கம்பி முனையோ கருகிப் பழுப்பேறியிருந்தால் அத்தோடு நிறுத்துங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் உறையைத் திறக்காமல் வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். வீட்டோடு தந்த இயந்திரத்தைப் பழுதில்லாமல் வைத்திருப்பது அவர் பொறுப்பு. அடுக்குமாடியில் இருந்தால் கூரைப் பக்கமாக இரண்டாவது பஞ்சு வலை ஒன்று இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். பல கட்டடங்களில் இருக்கிறது, குடியிருப்பவருக்குத் தெரிவதில்லை.

எங்கள் குளிருக்கு இந்த இயந்திரம் நெருங்கிய சொந்தம். வட டக்கோட்டாவின் மாரியில் கொடியில் உடுப்பு உறைந்து நிற்பதைப் பார்த்துச் சலித்த ரோஸ் மூர் உருவாக்கிய மின்சார ட்ரையரை, விஸ்கொன்சினில் இருந்த ஹமில்ரன் நிறுவனம் 1938இல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது வைத்த பெயர் 'ஜூன் டே'. ஆனி மாத வெயில் வீட்டுக்குள் வருகிறது என்று அர்த்தம்.

வேலை முடிந்ததும் ஒரு சுமை துவாயைப் போட்டு, எத்தனை நிமிடத்தில் காய்கிறது என்று பார்த்து ட்ரையரின் பக்கத்தில் திகதியோடு எழுதி ஒட்டுங்கள். மாரியின் நடுவில் அந்த நேரம் நீளத் தொடங்கினால் குழாய் திரும்ப அடைபடுகிறது. பெரிய பனி கொட்டிய ஒவ்வொரு காலையிலும் வாசலை வழித்த கையோடு சுவரைச் சுற்றிப் போய், காற்றுவாயின் முன்னால் குவிந்ததையும் வழித்துவிடுங்கள். மடலில் பனிக்கட்டி பிடித்திருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றி இளக்கிய பிறகு ட்ரையரைப் போடுங்கள்.