மெக்கர் காட்டாத சேதம்

"மெக்கர் ரீடிங் நல்லா இருந்தா காயிலும் நல்லா இருக்கும்."

கிரியான் ஆற்றங்கரையில் இருக்கும் பண்டார் பாருவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பம்பு மோட்டார் எரிந்தால், முதல் பழி வயர்மேன் மீது விழும். அவர் ரீடிங்கைக் காட்டுவார். அது பொய்யல்ல. ஆனால் 500 வோல்ட் மெக்கர் சோதிப்பது காயிலுக்கும் இரும்பு உடலுக்கும் இடையே உள்ள காப்பை. இணைப்பைப் பிரித்துப் போட்டால் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே உள்ளதையும் சோதிக்கலாம். ஒரே காயிலின் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளுக்கு நடுவே எனாமல் அரித்துப்போயிருந்தால் மெக்கருக்குத் தெரியாது. அதைப் பிடிக்க சர்ஜ் சோதனைதான் வேண்டும்.

"எனாமலை அரிக்கும் மின்னிறக்கம் உயர் அழுத்த மோட்டாருக்குத்தான் வரும், நம்முடையது வெறும் 400 வோல்ட்."

நேரடி சப்ளையில் ஓடும் மோட்டாருக்கு இது பெரும்பாலும் சரி. இன்வெர்ட்டர் மாட்டிய மோட்டாருக்குச் சரியல்ல. இன்வெர்ட்டர் 400 வோல்ட்டைச் சுமார் 565 வோல்ட் நேர் மின்சாரமாக்கி, நொடிக்கு ஆயிரக்கணக்கான துடிப்புகளாக வெட்டி அனுப்புகிறது. கேபிள் நீளமாக இருந்தால், ஒவ்வொரு துடிப்பும் மோட்டார் முனையில் எதிரொலித்து 1,100 வோல்ட்டைத் தொடலாம். அத்தனை வேகமாக ஏறும் துடிப்பின் பெரும்பங்கை முதல் சில சுற்றுகளே தாங்க வேண்டியிருக்கிறது. சுமார் 330 வோல்ட்டைத் தாண்டினாலே, மிகச் சிறிய இடைவெளியிலுள்ள காற்றில் மின்னிறக்கம் நிகழ முடியும். கம்பிகளுக்கு நடுவே சிக்கிய காற்றில் கண்ணுக்குத் தெரியாத பொறிகள் விழத் தொடங்கும். ஒவ்வொரு பொறியும் ஓசோனையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் உண்டாக்கும். நம் ஊர் ஈரக் காற்றில் பின்னது நைட்ரிக் அமிலமாகும். எனாமல் அரிபடும். ஒருநாள் இரண்டு சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும், மோட்டார் போய்விடும்.

பழைய மோட்டாரைச் சாதாரண கம்பியில் ரீவைண்டிங் செய்து இன்வெர்ட்டரில் போடுவதை நான் ஏற்கமாட்டேன். இன்வெர்ட்டருக்கென்றே செய்த கம்பியைக் கேளுங்கள். கேபிளைக் குட்டையாக வையுங்கள். முடியாத இடத்தில் ஃபில்டர் போடச் சொல்லுங்கள்.

"வார்னிஷைக் கெட்டியாக ஊற்றினால் போதும்."

மேலே மட்டும் கெட்டியாக நின்றால் உள்ளே குமிழிகள் அப்படியே இருக்கும். பொறி விழுவது அங்கேதான். காற்றை உறிஞ்சிவிட்டு வார்னிஷை உள்ளே செலுத்தும் முறையே உதவும்.

"சுவிட்சை அணைத்துவிட்டோம், தொடலாம்."

இதில் உயிர் போகலாம். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் அணைத்த பிறகும் சில நிமிடங்கள் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். பெட்டியில் எழுதியுள்ள நேரம்வரை காத்திருங்கள். மெக்கர் போட்ட காயிலும் அப்படித்தான். ஒரு முறை எர்த்தில் தட்டினால் மேலோட்டமான மின்னூட்டம் மட்டும் போகும். இன்சுலேஷனுக்குள் ஊறியது கொஞ்ச நேரத்தில் மறுபடியும் முனைகளுக்கு வரும். சோதித்த நேரத்தைப் போல நான்கு மடங்காவது எர்த் செய்து வைக்க வேண்டும்: 10 நிமிடம் மெக்கர் போட்டால் 40 நிமிடம்.