புகார் கொடுத்தவளுக்கே தண்டனையா?

நம்பிக்கை: பாலியல் தொல்லைப் புகாரை நிரூபிக்க முடியாவிட்டால், கொடுத்த பெண் மீதே நடவடிக்கை பாயும்.

இந்தப் புரளியைக் கிளப்பிவிட்டது யாரென்று தெரியாது. லாபம் யாருக்கு என்பது நன்றாகவே தெரியும். திருப்பூர்ப் பக்கம் எந்தப் பனியன் கம்பெனிக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கப் போனாலும் கடைசி வரிசையிலிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். "ஏனுங்க மேடம், நிரூபிக்க முடியலீன்னா கேசு நம்ம மேலயே திரும்பிருமாமுங்க?" யாரம்மா சொன்னது என்றால், லைன் சூப்பர்வைசராம். வேறு யார் சொல்வார்!

உண்மை: 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவைப் பாதி படித்துவிட்டு மூடிவைத்தவர்கள் பேசும் பேச்சு இது. பொய்யென்று தெரிந்தே கொடுத்த புகார், கெட்ட நோக்கத்தோடு கொடுத்த புகார், போலி ஆவணம் ஆகியவற்றுக்குத்தான் அங்கே நடவடிக்கை. போதிய ஆதாரம் தர முடியவில்லை என்பதற்காக மட்டும் நடவடிக்கை வேண்டியதில்லை என்று அதே பிரிவு சொல்கிறது. கெட்ட நோக்கம் இருந்தது என்று சொல்பவர் சும்மா சொல்லிவிட முடியாது. அதையும் முறைப்படி விசாரித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ஸ்டோர் ரூமில் சாட்சி வைத்துக்கொண்டா ஒருவன் கையைப் பிடிப்பான்? இந்தப் புகார்களை விசாரிக்கக் கம்பெனிக்குள் அமைக்கும் உள்ளகப் புகார்க் குழு கிரிமினல் கோர்ட் அல்ல. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று எடைபோடுவதே அதன் வேலை. அன்றிரவே தோழிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் ஆடியோவும் எடைக்கு வரும், காரணம் சொல்லாமல் லைன் மாற்றிக் கேட்டதும் வரும். வெளி உறுப்பினராக இந்தக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். என்னைக் கவலைப்பட வைப்பவை பொய்ப் புகார்கள் அல்ல, வராமலே போன புகார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். ராஜஸ்தானில் அரசுத் திட்டமொன்றில் வேலை பார்த்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. ஆனாலும் அவருக்கு நேர்ந்ததை முன்வைத்துத் தொடுத்த வழக்கில்தான் 1997இல் பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்தது. அதன் வழியே இந்தச் சட்டம். நிரூபணமாகாததெல்லாம் பொய் என்றால் சட்டமே பிறந்திருக்காது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சு விரயம் வேண்டாம்.

பத்துப் பேருக்குக் குறைவான இடத்துக்குச் சட்டம் செல்லாது? செல்லும். மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. வீட்டு வேலை செய்பவரும் அங்கே போகலாம். தொல்லை தந்தவர் முதலாளியே என்றாலும் அங்கேதான்.

காண்ட்ராக்ட் ஆளுக்குக் கிடையாது? உண்டு. கம்பெனி பஸ்ஸும் பணியிடம்தான்.

எழுதத் தெரியாதே? எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை.

காசு கொடுத்துப் பேசி முடிக்கலாம்? சமரசம் புகார் கொடுத்தவள் கேட்டால் மட்டுமே. அதிலும் பணப் பேரத்துக்கு இடமில்லை.

புகார் கொடுக்க மூன்று மாதக் கெடு என்பது மட்டும் உண்மை. தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

இனி வீட்டு வன்முறை. "புருஷன் வீட்டில் அடித்தால் கம்பெனி என்னங்க பண்ணும்?" என்று முதலாளிகள் கேட்கிறார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கும் நேரத்துக்கு அவன் வந்து நிற்பது உங்கள் கேட்டில்தானே? அவளுடைய ஷிப்ட் நேரத்தை செக்யூரிட்டி யாருக்கும் சொல்லக் கூடாது. கூலியை அவள் பெயரிலுள்ள கணக்கில் போடுங்கள். கோர்ட்டுக்குப் போகும் நாளில் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எச்.ஆர். மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டின் 190ஆவது உடன்படிக்கை, வீட்டு வன்முறையின் பாதிப்பையும் பணியிடத்தின் கணக்கில் சேர்த்துவிட்டது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

கடைசியாக, புகார்க் குழுவின் போர்டு. குழுவின் விவரத்தைக் கண்ணில் படும் இடத்தில் வைக்கச் சொல்கிறது சட்டம். குழுவே அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். நான் பார்க்கும் போர்டோ எம்.டி. அறை வாசலில், குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால், ஆங்கிலத்தில் தொங்குகிறது. அதிலுள்ள தலைவி வேலையை விட்டுப் போய் நாளாகியிருக்கும். அந்த நம்பரில் வேறு யாரோ எடுப்பார். செக்கிங் டேபிளில் நிற்கும் ஒடிசாப் பெண்ணுக்கு இதனால் என்ன பிரயோஜனம்? பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். தமிழில், இந்தியில், ஒடியாவில், எடுக்கிற நம்பரோடு. ஆடிட் வருவதற்கு முந்தின நாள் அல்ல, இந்த வாரமே.